கடல், பெண்கள், மேற்படிப்பு: வன்னிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுமாணி, கலாநிதிப் படிப்புக்கான உதவித்தொகைகள் பற்றி முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியாப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்டவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு வட்சப்பில் குரல் பதிவாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் காரணம். நான் முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவள். மீன்பிடியில் பெண்களின் உழைப்பைப் பற்றி வெளிநாட்டில் முதுமாணி முடித்துத் திரும்பி, இப்போது இங்கேயே வேலை செய்கிறேன். திகதிகளும் தொகைகளும் வருடா வருடம் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் திட்டத்தின் சொந்த இணையத்தளத்தைப் பாருங்கள். முகநூலில் யாரோ பகிர்ந்த படத்தை நம்பி இறங்க வேண்டாம்.

"பால்நிலைச் சமத்துவமும் நிலைபேறான சமுத்திரமும்" என்று விளம்பரங்களில் வருகிறதே, அது உண்மையில் என்ன படிப்பு?

எங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அப்பா விடியற்புறம் நண்டு வலையோடு கரைக்கு வருவார். அவருடைய வேலை பெரும்பாலும் அதோடு சரி. அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் கொட்டிலுக்குள் வலையைக் குவித்துப் போட்டுக்கொண்டு நண்டு கழற்ற உட்காருவார்கள். ஓட்டின் பின்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பிடித்து, காலில் சுற்றிய நூலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கால் முறிந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். அவசரப்பட்டால் நண்டு விரலைக் கவ்வும். அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் தழும்பில்லாத இடம் தேட வேண்டும்.

வயிற்றில் முட்டைக் கொத்தோடு வரும் நண்டை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்ப்பவர்கள் அந்தப் பெண்கள். எந்த மாதம் அது கூடும், எந்தக் கிழமை வலை முழுக்கக் குஞ்சு நண்டாக வரும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் மீன்பிடியைப் பற்றிக் கேட்க வந்த எவரும் அம்மாவிடம் கேட்டதில்லை. அவர்களுடைய கொப்பியில் இருந்தது படகு இலக்கம், என்ஜின் குதிரைவலு, அப்பாவின் பெயர். வீட்டு விபரப் படிவத்தில் அம்மாவின் தொழிலுக்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருந்தது.

இந்தத் துறை கேட்பது இரண்டு கேள்வி. கடலில் உழைக்கிற யார் கணக்கில் வராமல் போகிறார்கள்? அவர்கள் கணக்கில் வராததால் கடலைப் பற்றி எதை நாம் அறியாமல் போகிறோம்? முதலாவதை நீதியின் கேள்வி என்றும் இரண்டாவதைச் சூழலியல் கேள்வி என்றும் பிரித்துப் பேசுவார்கள். எங்கள் கொட்டிலில் இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன.

உலக மட்டத்தில் இதற்குப் பிடிமானம் உண்டு. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் சிறுமீன்பிடி வழிகாட்டுதல்கள் 2014இல் ஏற்கப்பட்டன. பிடிப்பதற்கு முந்திய வேலை, பிடித்ததற்குப் பிந்திய வேலை எல்லாமே மீன்பிடிதான் என்று அவை சொல்கின்றன. அதே அமைப்பும் கூட்டாளிகளும் 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, உலகச் சிறுமீன்பிடியில் ஈடுபடுவோரில் பத்துக்கு நாலு பேர் பெண்கள். ஏறத்தாழ 4½ கோடி. 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்ட குன்மிங் - மொன்றியல் உயிர்ப்பல்வகைமைச் சட்டகத்தில் 3வது இலக்கு நிலத்திலும் கடலிலும் 30 வீதத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது; 23வது இலக்கு பால்நிலைச் சமத்துவத்தைப் பற்றியது. இந்த இரண்டு இலக்கும் ஒரே கரையில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் படிக்க ஆட்கள் தேவை. உதவித்தொகைகள் வருவது அதனால்தான்.

நடந்த கதை ஒன்றும் அக்கரையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முக்குளித்துப் பாசி எடுத்து வந்த பெண்கள், பூங்கா விதிகள் இறுகியபோது சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்கள் சங்கமாகத் திரண்டு, பாசி எடுக்கும் நாள்களைத் தாங்களே மட்டுப்படுத்திக்கொண்டு உரிமை பேசினார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகொலொஜி பரிசு 2015இல் கிடைத்தது. இந்தத் துறையை யாருக்காவது ஒரு நிமிடத்தில் விளக்க வேண்டி வந்தால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இது விஞ்ஞானமா, சமூக சேவையா?

ஆய்வு. செயலமர்வுக்கு வந்த பெண்களின் தலையை எண்ணி அறிக்கை எழுதுவது இதில் சேராது. அந்தப் பழக்கம் எங்கள் ஊரில் நன்றாக வேரோடியிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கொலர்ஷிப், ஃபெலோஷிப் இரண்டும் ஒன்றா?

எங்கள் ஊரில் "புலமைப்பரிசில்" என்றாலே ஐந்தாம் வகுப்புப் பரீட்சை. எனக்குக் கிடைத்தது என்று அம்மா சொன்னபோது பக்கத்து வீட்டு ஆச்சி, "இந்த வயசிலயோ?" என்று கேட்டார். பொதுவாக ஸ்கொலர்ஷிப் ஒரு பட்டப்படிப்பின் கட்டணத்தையும் சீவியச் செலவையும் தரும். ஃபெலோஷிப் பல விதம்: சிலது முழுக் கலாநிதிப் படிப்பு, சிலது ஆறு மாதப் பயிற்சி, சிலது களவேலைப் பணம் மட்டும். பெயரை விட்டுவிட்டு, எதற்குக் காசு தருகிறார்கள் என்ற பந்தியைப் பாருங்கள்.

சரி, நான் எதற்கு விண்ணப்பிக்கலாம்?

இந்தத் தலைப்பை அப்படியே பெயரில் வைத்திருக்கும் திட்டங்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அதைத் தேடிக்கொண்டு இருந்தால் இரண்டு வருடம் போய்விடும். பொதுவான உதவித்தொகை ஒன்றை எடுத்து, உங்கள் தலைப்பை அதற்குள் கொண்டுபோவதே நடைமுறை.

முதுமாணிக்கு: பிரித்தானியாவின் செவனிங் ஒரு வருடப் படிப்புக்குக் கட்டணம், சீவியச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் தரும். பட்டத்துக்குப் பிறகு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறார்கள், அதாவது சுமார் இரண்டு வருடம். சம்பளமில்லாத தொண்டு வேலையும் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. மாதர் சங்கத்தில் கணக்கெழுதிய காலத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் பிரித்தானியாவுக்கே.

ஜேர்மனியின் டிஏஏடி நிறுவனம், அபிவிருத்தியோடு சேர்ந்த முதுமாணிப் படிப்புகளுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்த ஆறு வருடத்தைக் கவனியுங்கள். "பிறகு பார்ப்பம்" என்று இருந்தவர்கள் பலர் இதில்தான் தவறவிட்டார்கள். பிறேமன் பல்கலைக்கழகத்தில் ஐசாடெக் என்ற வெப்பமண்டல நீர்ச்சூழலியல் முதுமாணி ஆங்கிலத்தில் நடக்கிறது. அதே நகரத்தில் லைப்னிற்ஸ் வெப்பமண்டலக் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. கண்டல், கடற்புல், சிறுமீன்பிடி, அதைச் சார்ந்த சமூகம் என்று எங்களுக்குப் பொருந்தும் எல்லாம் அங்கே படிக்கிறார்கள்.

ஐரோப்பாவின் இராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் இரண்டு வருடத்தை வெவ்வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமில்லை. கடல் உயிர்வளங்களுக்கான இம்பர்சீ என்ற முதுமாணியைப் பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது. இதற்கு வேலை அனுபவம் கட்டாயமில்லை, ஆகவே இறுதி வருடத்தில் இருப்பவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட். இந்தியாவுக்கு, கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் மௌலானா ஆசாத் முதுமாணிப் புலமைப்பரிசில். கொச்சி, மண்டபம் பக்கம் கடல் மீன்பிடி ஆய்வு பல தலைமுறையாக நடக்கிறது. எங்கள் நண்டையும் எங்கள் பாக்குநீரிணையையும் தமிழிலேயே பேசிப் படிக்கக் கூடிய இடத்தை, வெளிநாடு என்றால் குளிர்நாடுதான் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம்.

பெண்களை முன்னிறுத்துபவை: சுவீடனின் மால்மோவிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம், ஐ.நா. சமுத்திர விஞ்ஞானத் தசாப்தத்தை (2021-2030) ஒட்டி, கடல் விஞ்ஞானத்தில் பெண்களை வலுப்படுத்துவதற்கென்றே ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது; இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று பாருங்கள். தலைப்பை அப்படியே தாங்கியது என்றால் இதுதான். விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்கு ஷ்லும்பெர்ஜே அறக்கட்டளையின் ஃபெலோஷிப் 2004 முதல் வளரும் நாட்டுப் பெண்களுக்கு மட்டும் கிடைத்து வருகிறது.

ஏற்கனவே திணைக்களத்திலோ நிறுவனத்திலோ வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஐஸ்லாந்து. அங்கே யுனெஸ்கோவின் கீழ் இயங்கும் க்ரோ அமைப்பில் ஆறு மாத மீன்பிடிப் பயிற்சியும் இருக்கிறது, ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஐந்து மாதப் பால்நிலைச் சமத்துவ டிப்ளோமாவும் இருக்கிறது. உங்கள் நிறுவனம் பெயர் பரிந்துரைக்க வேண்டும். இரண்டு திட்டமும் ஒரே குடையின் கீழ் இருப்பது வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காத வசதி.

சட்டம் படித்தவர்களுக்கு ஒன்று. ஐ.நா. கடற்சட்ட ஃபெலோஷிப் ஒன்று ஹமில்ட்டன் ஷேர்லி அமரசிங்க என்ற இலங்கையரின் பெயரில் இருக்கிறது. மூன்றாவது ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் அவர். நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லாமல் விடுவீர்களா?

படிப்புக்கு அல்ல, களவேலைக்கு மட்டும் கொஞ்சக் காசு வேண்டும் என்றால்?

றஃபோர்ட் அறக்கட்டளையின் சிறு மானியம். பாதுகாப்பு வேலை செய்யும் தொடக்கநிலை ஆட்களுக்குத் தருகிறார்கள், பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அல்ல. குழுவாகச் சேர்ந்தால் கொன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராமையும் பாருங்கள்.

ஆண்கள் விண்ணப்பிக்கலாமா?

பெண்களுக்கு மட்டும் என்று சொன்னவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும். ஆண்கள் எதை வேலை என்கிறார்கள், எதை "உதவி" என்கிறார்கள் என்பதும் இந்தப் படிப்புக்குள் வரும். அதை ஒரு தம்பி, படகு முதலாளிகளான சம்மாட்டிமாரோடு இருந்து கேட்டால் எனக்குக் கிடைக்காத பதில் கிடைக்கும்.

நான் விவசாய பீடம் / கலைப்பீடம். கடல் விஞ்ஞானம் படிக்கவில்லையே?

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்தவர், யாழ்ப்பாணத்தில் சமூகவியலோ புவியியலோ படித்தவர், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்தவர் எல்லோருக்கும் வழி இருக்கிறது. ஐசாடெக், இம்பர்சீ போன்றவை உயிரியல் பின்னணி கேட்கும். செவனிங்கில் நீங்களே துறையைத் தேர்ந்தெடுக்கலாம். கலைப்பீடத்துப் பிள்ளைகள் புள்ளிவிபரவியலை ஒரு தரம் ஒழுங்காகப் படித்துவிடுங்கள். விஞ்ஞானப் பிள்ளைகள் ஒரு பெண்ணோடு கேள்விக்கொத்து இல்லாமல் ஒரு மணித்தியாலம் கதைத்துப் பழகுங்கள். இரண்டாவதுதான் கடினம்.

வவுனியாவுக்குக் கடல் இல்லையே?

கருவாடு இருக்கிறதே. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பெண்கள் உப்பிட்டுக் காயவைப்பது எந்தச் சந்தையில், யாருடைய விலைக்குப் போகிறது என்று வவுனியாவில் இருந்துகொண்டே படிக்கலாம். குளத்து மீன்பிடியும் நல்ல தலைப்பு. ஆனால் "சமுத்திரம்" என்று கேட்கும் விண்ணப்பத்துக்குள் குளத்தை வலிந்து புகுத்த வேண்டாம்.

ஆய்வுக் கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு வரும் முன்மொழிவுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தலைப்பு: "வன்னிப் பெண்களின் வலுவூட்டலும் கடல்வளப் பாதுகாப்பும்." இதில் எந்தக் கரை, எந்தப் பெண், எந்த வளம் ஒன்றுமே தெரியாது. ஒரு தங்கச்சியோடு மூன்று கிழமை இருந்து இதை உடைத்தோம். கடைசியில் வந்தது: "நந்திக்கடலில் இறால் பிடிக்கும் பெண்கள் எந்த மாதங்களில் எந்த இடங்களில் இறங்குகிறார்கள்? 2017இல் அது இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட பின் அந்த இடங்கள் மாறினவா?" வட்டுவாகல் பாலத்தில் நின்று கையை நீட்டிக் காட்டக்கூடிய கேள்வி இது. தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு வட்டுவாகல் தெரியாது. ஆனாலும் ஒரு இடம் தெரிகிறது, ஒரு வருடம் தெரிகிறது, எதை எண்ணப் போகிறாய் என்று தெரிகிறது.

எங்கள் கரைகளில் கேள்விக்குப் பஞ்சமில்லை. கிழக்கே கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் என்று களப்புகள். மேற்கே பூநகரியிலிருந்து நாச்சிக்குடா, இரணைதீவு, விடத்தல்தீவு வரை ஆழங்குறைந்த கடலும் கடற்புல்லும். அந்தக் கடற்புல்லை நம்பித்தான் ஆவுளியா என்ற கடற்பசு இருக்கிறது. நண்டும் கடலட்டையும் அங்கேதான். 2015 முதல் 2017 வரையான சில வருடங்களுக்குள் சுண்டிக்குளம், விடத்தல்தீவு, நந்திக்கடல் என்று அடுத்தடுத்துப் பாதுகாப்பு எல்லைகள் வரையப்பட்டன. அந்த எல்லைகளுக்குள் காலடியால் தொழில் செய்கிறவர்கள் யார் என்ற பட்டியல் உங்கள் கையில் இருந்தால் அதுவே பாதி ஆய்வு.

கடலட்டைப் பண்ணைகளைப் பாருங்கள். பூநகரிப் பக்கத்துக் கிராஞ்சியில் 2022இல் மக்கள் அவற்றுக்கு எதிராகத் தொடர்ந்து இருந்து போராடினார்கள். ஆழங்குறைந்த கடலை வேலி போட்டால் படகு வைத்திருப்பவர் சுற்றிப் போகலாம், நடந்து போய்ப் பிடிப்பவர் போக முடியாது. நடந்து போகிறவர் யார்? பண்ணை அனுமதி யாருடைய பெயரில்? இரண்டு வரிக் கேள்வி, கலாநிதிப் பட்டத்துக்குப் போதும்.

இரணைதீவு இன்னொன்று. 1992இல் இடம்பெயர்ந்த மக்கள் 2017 மே 1இல் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் தீவுக்குத் திரும்பினார்கள். முன்னணியில் பெண்கள். கால் நூற்றாண்டு தாங்கள் குடியிருக்க முடியாத கரைக்குத் திரும்பியவர்கள் எதைப் பழைய இடத்தில் கண்டார்கள், எதைக் காணவில்லை என்பதை அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்க வேண்டும்.

கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அடித்தள இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. இந்திய இழுவைப்படகுகள் இன்னும் வருகின்றன. அதை இரண்டு நாட்டுப் பிரச்சினையாக எழுதியவர்கள் ஆயிரம் பேர். வலை அறுந்த அடுத்த நாள் யாருடைய சங்கிலி அடைவுக்குப் போகிறது, புது வலைக்கு ஈயமும் மிதவையும் கட்டுவது யார், அதற்குக் கூலி உண்டா என்று நான் படித்த அளவில் எழுதியவர்கள் குறைவு.

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எப்படி எழுதுவது?

"மதிப்புக்குரிய ஐயா / அம்மா, நான் ஒரு ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த..." என்று தொடங்காதீர்கள். எட்டு வரி போதும். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையாகவே வாசித்து அதில் ஒரு விடயம், உங்கள் கேள்வி, உங்களிடம் ஏற்கனவே இருக்கும் தரவு அல்லது தொடர்பு, நீங்கள் குறிவைக்கும் உதவித்தொகை. இரண்டு கிழமை பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். நான் 14 பேருக்கு எழுதினேன்; மூவர் பதில் போட்டார்கள்; ஒருவர் சம்மதித்தார்.

சிபார்சுக் கடிதம் தர விரிவுரையாளர் இழுத்தடிக்கிறார். என்ன செய்யலாம்?

முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முதலே கேளுங்கள். உங்கள் பெறுபேறுகள், முன்மொழிவு, அவரிடம் நீங்கள் செய்த வேலை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "நல்ல பிள்ளை, ஒழுக்கமானவர்" என்ற கடிதம் பயன்படாது. அந்த ஒரு பக்கம் இருந்தால் அவருக்கும் எழுத எதாவது இருக்கும்.

என் ஆங்கிலம் மோசம்.

மோசம் என்று சொல்பவர்களில் பலர் எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறார்கள், பேசத்தான் வாய் வராது. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் கட்டணம் கையைச் சுடும்; ஒரு தரத்தில் எடுக்கும்படி ஆயத்தமாகப் போங்கள். பட்டம் ஆங்கில மொழிமூலம் என்றால் பல்கலைக்கழகத்திடம் அதற்கொரு கடிதம் எடுத்து வையுங்கள், சில இடங்கள் அதையே ஏற்கும். முன்மொழிவை முதலில் தமிழில் எழுதுங்கள். தமிழில் தெளிவில்லாத யோசனை ஆங்கிலத்தில் பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

சண்டைக்குள் ஆவணங்கள் எல்லாம் போய்விட்டன. பெயரும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள் பரீட்சைத் திணைக்களத்தில். கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

பெயர்தான் பெரிய தலையிடி. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவமோ அதைக் கேட்கும். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால், ஒரு இடத்தில் எழுத்துக்கூட்டல் வேறு. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். மற்ற ஆவணங்கள் வேறுபட்டால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். இதை உதவித்தொகை கிடைத்த பிறகு செய்யப்போனால் விசாத் திகதி நெருங்கும்போது உயிர் போகும். பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போவதானால் காசநோய்ப் பரிசோதனையும் கொழும்பில் செய்ய வேண்டும். பஸ் காசையும் ஒரு இரவுத் தங்கலையும் கணக்கில் வையுங்கள்.

முகவர் ஒருவர் காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன எதற்கும் முகவர் தேவையில்லை.

சொந்த ஊரில்தானே களவேலை, அனுமதி எதற்கு?

உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, பாதுகாக்கப்பட்ட பகுதியென்றால் வனசீவராசிகள் திணைக்களம், கிராம அலுவலருக்கும் சங்கத்துக்கும் முன்கூட்டிச் சொல்வது. இது எழுத்தில் உள்ள பகுதி.

எழுத்தில் இல்லாத பகுதி பெரியது. 2009க்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த கேள்விக்கொத்துகளை அடுக்கினால் ஒரு அறை கட்டலாம். ஒரு அக்கா என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: "எழுதிக்கொண்டு போறவை எல்லாரும் போறவைதான். திரும்பி வந்து என்ன எழுதினனாங்கள் எண்டு சொன்ன ஒருத்தரைக் காட்டு பாப்பம்." நான் அந்த நேரம் மூன்றாவது பக்கக் கேள்வியில் நின்றேன். தாளை மடித்து வைத்துவிட்டு அவரோடு இருந்து நண்டு கழற்றினேன். அன்றைக்கு எதையும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து அவராகவே, வலை கழற்றும் கூலி எப்படிப் பிரிகிறது, யாருக்கு நண்டாகவே கொடுத்துவிடுகிறார்கள் என்று தொடங்கினார்.

சில நடைமுறைகள் அதிலிருந்து பழகியவை. வலை வரும் நேரத்தில் கேள்வி கேட்கப் போகாதீர்கள், அது அவர்களின் கூலி நேரம். சம்மாட்டியின் முற்றத்தில் வைத்துக் கூலியைப் பற்றிக் கேட்காதீர்கள். நுண்கடன், காணாமற்போனவர், இழப்பு என்று உங்கள் ஆய்வுக்குத் தேவையில்லாத காயங்களைக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டுக் கேளுங்கள். "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்ற ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போட்டுச் சரி போடாதீர்கள். படகில் பங்கு வைத்திருக்கும் பெண்ணும், கூலிக்கு நண்டு கழற்றும் பெண்ணும், வலையை வாடகைக்குக் கொடுக்கும் பெண்ணும் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாகிப் போகிறார்கள். முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதிக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். அதற்கான நாளையும் பயணக் காசையும் முன்மொழிவின் வரவுசெலவிலேயே போட்டுவிடுங்கள், எவரும் வெட்ட மாட்டார்கள்.

படித்து முடித்துத் திரும்பி வரத்தான் வேண்டுமா?

செவனிங்கில் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். மற்றவற்றுக்கு அவரவர் ஒப்பந்தத்தைப் பார்க்கவும். வராதவர்களை நான் திட்ட மாட்டேன். இங்கே வேலை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு தரம் நிராகரித்துவிட்டார்கள்.

எனக்கு இரண்டு தரம். இரண்டாம் தரம் நிராகரித்தவர்களிடம் காரணம் கேட்டு எழுதினேன். "கேள்வி பெரிது, முறை தெளிவில்லை" என்று ஒரு வரி வந்தது. மேலே முன்மொழிவைப் பற்றி எழுதியதெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவுரைதான்.

பெண் பிள்ளையைத் தனிய அனுப்ப வீட்டில் விருப்பமில்லை. கலியாணம் பேசுகிறார்கள். நான் என்ன படிக்கப் போகிறேன் என்று எப்படி விளங்கப்படுத்துவது?

கலியாணத்துக்கு என்னிடம் பதிலில்லை. தனியாகப் போவதற்கு, அந்த நகரத்தில் ஏற்கனவே படிக்கும் எங்கள் ஊர்ப்பிள்ளை ஒருத்தியை அம்மாவோடு வீடியோவில் கதைக்க வையுங்கள். குசினியைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வேலை செய்தது.

என்ன படிப்பு என்பதற்கு, என் அம்மா கேட்டதைச் சொல்கிறேன். "நண்டு கழட்டுறதைப் பற்றிப் படிக்கவோ பிளேன் ஏறிப் போறாய்? அதை நான் சொல்லித் தாறன், இரு." நான் போய் வந்து, எழுதிய ஆய்வேட்டைக் கொட்டிலில் வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை நண்டு கழற்றலாம் என்ற அட்டவணை வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார். "இது பிழை. நீ எண்ணின அண்டைக்கு வந்தது புதுப் பிள்ளை. அவளுக்கு இன்னும் கை ஓடாது. என்னை எண்ணியிருக்க வேணும்."

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. பரீட்சகர் மூவரும் அதைக் காணவில்லை.